முப்பது விநாடி சைக்கிளும் நூறு மீட்டர் ஓட்டமும்

நான் வேலை பார்த்த பெண்கள் உடற்கல்விக் கல்லூரியில் கம்ப்யூட்டரோடு இணைத்த புது சைக்கிள் வாங்கியிருக்கிறார்களாம். இப்போது அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் போன் செய்து சொன்னாள். "மேடம், பொண்ணு மிதிச்சு இறங்கறதுக்குள்ள ரிசல்ட் திரையில வந்துருதுங்க. நூறு மீட்டர் எவ்வளவு நேரத்துல ஓடுவாங்கறதையும் அதே சொல்லிருது."

"அது சொல்றத நீ நம்பறியா?" என்று கேட்டேன்.

"நம்பாம என்னங்க மேடம், மெஷின்தானுங்களே?" என்றாள்.

போனை வைத்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அதே அறையில் ஒரு பழைய சைக்கிள் சொன்ன எண்ணை நாங்கள் யாருமே நம்பவில்லை. முதலில் சைக்கிளைச் சந்தேகப்பட்டோம். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக அங்கிருந்த எல்லோரையும் சந்தேகப்பட்டோம். அதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் அவிநாசிப் பக்கத்துக்காரி. உடற்கல்வியில் முதுகலை முடித்து, ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் விசில் ஊதிவிட்டு, கோயமுத்தூரில் அந்தக் கல்லூரிக்கு ஆய்வுக்கூடப் பயிற்றுநராக வந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சுலோசனா. எல்லோருக்கும் டாக்டரம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் முதல் வார்த்தை தெலுங்கில் வரும், அடுத்தது சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில் வரும்.

அவர் யாரையும் நம்பமாட்டார். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. சிலருக்குச் சாப்பிடும் முன் கை கழுவுவது பழக்கம், இவருக்குச் சந்தேகப்படுவது பழக்கம். நான் ஒரு எண்ணைச் சொன்னால், "யாரு பார்த்தா?" என்பார். நான்தான் பார்த்தேன் என்றால், "வேற யாரு பார்த்தா?" என்பார். வேறு யாரும் பார்க்கவில்லை என்றால் அந்த எண் அவரைப் பொறுத்தவரை பிறக்கவேயில்லை.

மாணவிகள் செய்யும் தில்லுமுல்லு எல்லாம் அவருக்கு அத்துப்படி. நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் சோதனை ஒன்று உண்டு. சுவரோரம் நின்று, விரலில் சாக்பொடி தொட்டு, முதலில் கை எட்டும் உயரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு குதித்து இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடைவெளிதான் குதித்த உயரம். முதல் புள்ளி வைக்கும்போது தோளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் இடைவெளி தானாகக் கூடிவிடும். நல்ல பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். டாக்டரம்மா பக்கத்தில் போய், ஒன்றும் பேசாமல், மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுப்பார். அந்தக் கை எப்படியும் இரண்டு விரற்கடை நீளும்.

சைக்கிள் சோதனை வேறு ரகம். இரும்புத் தாங்கியில் அசையாமல் நிற்கும் சைக்கிள். முன்னால் ஒரு கனத்த சக்கரம், அதைச் சுற்றி ஒரு பட்டை, பட்டையின் நுனியில் எடைத்தட்டு. மிதிப்பவளின் உடல் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டுத் தட்டில் எடை வைப்போம். இருக்கை உயரத்தைச் சரிபார்த்து, பாதத்தை மிதிகட்டையோடு வாரால் கட்டி, மெதுவாக மிதிக்கவிட்டு உடம்பைச் சூடாக்குவோம். "போ" என்றதும் எடை இறங்கும், பட்டை சக்கரத்தைக் கவ்வும். அதற்கப்புறம் முப்பது விநாடி, உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். சக்தியைச் சேர்த்து வைத்துக் கடைசியில் காட்டுகிற வேலை கூடாது. ஐந்து ஐந்து விநாடியாகப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணுவோம். முதல் ஐந்து விநாடியின் வேகத்தில் அவள் வெடித்துக் கிளம்பும் சக்தி தெரியும். போகப்போக எவ்வளவு விழுகிறது என்பதில் அவள் தாக்குப்பிடிப்பது தெரியும். இறங்கியதும் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். அதற்கென்று மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

மூச்சுக்காற்று வந்து உதவுவதற்கு முன்பே, தசை தன்னிடம் இருக்கும் இருப்பை வைத்துச் செய்கிற வேலையைத்தான் இந்தச் சோதனைகள் அளக்கின்றன. நூறு மீட்டர் ஓட்டமும் ஏறக்குறைய முழுக்க அந்த இருப்பில்தான் ஓடுகிறது. அதனால் டாக்டரம்மா பல வருடத்து மாணவிகளின் சோதனை எண்களையும் ஓட்ட நேரங்களையும் பொருத்திப் பார்த்து, தானே ஒரு கணக்கு உண்டாக்கி வைத்திருந்தார். சைக்கிள் எண்ணையும் குதித்த உயரத்தையும் போட்டால் நூறு மீட்டர் நேரம் உத்தேசமாக வரும். அனேகமாகச் சரியாகவும் வரும். ஆனால் அவர் தன் கணக்கையும் நம்பமாட்டார். "இது பலிக்குது பலிக்குதுன்னுதான் நமக்குப் பயமே இருக்கணும்" என்பார்.

அந்த வருடம் சென்னையில் ஒரு பயிற்சி முகாம் அறிவித்தார்கள். கல்லூரிக்கு ஒரு விரைவோட்டக்காரிதான் போகலாம். அந்த முகாமிலிருந்து வந்தவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பது சாதாரணம். எங்கள் கல்லூரியில் யார் போவாள் என்பதில் கேள்வியே இல்லை. கோகிலாதான்.

கோகிலா பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். பெரிய தென்னந்தோப்பு, வீட்டில் ஜீப். உயரமான பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள். நூறு மீட்டரில் எப்போதும் முதல். அவளோடு அதே ஊரிலிருந்து வந்தவள் தங்கமணி. தங்கமணியின் அப்பா கோகிலா வீட்டுத் தோப்பில் வேலை செய்பவர். இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே பஸ், இப்போது விடுதியில் ஒரே அறை. தங்கமணி எப்போதும் இரண்டாவது. ஓர் எட்டு பின்னால். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள்.

முகாமுக்குப் பேர் அனுப்பும் முன் ஓட்டக்காரிகள் எல்லோருக்கும் சோதனை வைத்தோம். கோகிலாவின் எண் அவள் ஓடும் நேரத்தோடு பொருந்தி வந்தது. அடுத்து தங்கமணி ஏறினாள். நான் எடையை இறக்கினேன். முதல் ஐந்து விநாடியில் அந்தச் சக்கரம் போட்ட சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. தாங்கியே தரையில் நடுங்கியது. அவள் இறங்கி, வாளியைத் தேடாமல், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கால்கள் கோகிலாவை வெகு தூரம் பின்னால் விட்டு ஓட வேண்டிய கால்கள்.

"யாரு பார்த்தா?" என்றார் டாக்டரம்மா.

முதல் சந்தேகம் சைக்கிள் மேல் விழுந்தது. எடைத்தட்டின் கொக்கி ஒடிந்து, கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகச் செய்து மாட்டியிருந்தோம். கொக்கி பட்டையில் உரசி எடையைத் தாங்கிக்கொள்கிறதோ என்று டாக்டரம்மாவுக்கு எண்ணம். கொக்கியைக் கழற்றிப் பார்த்தார், எடைக்கற்களை வேறு தராசில் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. அடுத்து என்னைப் பார்த்தார். "நீ அந்தப் பொண்ணுக்கு எடை கொறச்சு வெச்சியா?" வருத்தமாக இருந்தது. ஆனால் என்னைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் அவர் டாக்டரம்மா இல்லை.

தடகளப் பயிற்சியாளர் மாணிக்கம் சாருக்கோ சிரிப்பு. "ஏனுங்க டாக்டரம்மா, நான் தினமும் வாட்ச்சுல பாக்கறேன். தங்கமணி ரெண்டாவதுதான். உங்க சைக்கிள் பொய் சொல்லுதுங்க" என்றார்.

"இல்லீன்னா உங்க வாட்ச் பொய் சொல்லுது" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு சார் சிரிக்கவில்லை.

யாரோ ஊக்கமருந்து என்று வாயைத் திறந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் விடுதிக் காப்பாளர் தங்கமணியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நானும் கூட இருந்தேன். மடித்து வைத்த இரண்டு செட் உடுப்பு, ஒரு ஜோடி ஸ்பைக், அடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்பாக ஏதோ ஒன்று. காப்பாளர் மூடியைத் திறந்து முகர்ந்தார். தங்கமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது எங்கம்மா கிண்டிக் குடுத்த லேகியமுங்க!" என்று கோகிலா கத்தினாள். தன் பெட்டியைத் தடாலென்று திறந்து அதே மாதிரி பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதையும் மோந்து பாருங்க. அவ பெட்டிய மட்டும் ஏனுங்க தொறக்கறீங்க?"

காப்பாளர் மூடியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டரம்மா மறுபடியும் சோதனை வைத்தார். இந்த முறை தானே எடை தொங்கவிட்டார், தானே எண்ணினார், என்னைக் கடிகாரத்தோடு தனியே நிற்கவைத்தார். எண் முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது.

அன்று சாயங்காலம் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. முடிவுக் கோட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அங்கே உட்காராமல், ஓட்டப் பாதையில் முக்கால் தூரம் தாண்டும் இடத்தில் போய் நின்றார். "அங்க நின்னா யாரு மொதல்லன்னுதான் தெரியும்" என்றார் என்னிடம். அன்று கோகிலாவுக்கு ஜலதோஷம், வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓடினாள். தங்கமணியும் அவளுக்கு ஓர் எட்டு பின்னால், வழக்கத்தைவிட மெதுவாக. நான் பார்த்தது அவ்வளவுதான். டாக்டரம்மா வேறு ஒன்றைப் பார்த்திருந்தார்.

"சளி புடிச்சது அவளுக்கு. இவ ஏன் மெதுவா ஓடறா? நம்மளத் தாண்டும்போது கழுத்து லேசாத் திரும்புச்சு, பாத்தியா? நூறு மீட்டர் ஓடறவளுக்குப் பக்கத்துல என்ன வேலை?"

கோகிலாவுக்குச் சளி குணமானதும், கடிகாரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் தனித்தனியாக ஓடவிட்டார். ஒரு நேரத்தில் ஒருத்தி மட்டும். மாணிக்கம் சாரிடம் ஒரு ஸ்டாப்வாட்ச், என்னிடம் ஒன்று, நூலகரிடம் ஒன்று. ஓடி முடிந்ததும் கடிகாரத்தை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல் நிற்க வேண்டும். டாக்டரம்மா வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்.

கோகிலா ஓடினாள். அவளுடைய வழக்கமான நேரம்.

தங்கமணி கோட்டில் குனிந்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் காலித் தடங்கள். விசில் ஊதியதும் அவள் கிளம்பிய விதத்தை நான் எப்படி எழுதுவது? முடிவுக் கோட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்வாங்கினோம், மேலே வந்து மோதிவிடுவாளோ என்று. மூன்று கடிகாரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தைக் காட்டின. கோகிலாவை விட அரை விநாடிக்கு மேல் குறைவு. சைக்கிள் சொன்ன நேரத்துக்கு மிக அருகில்.

மாணிக்கம் சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இத்தன நாளா நான் எதப் பாத்துட்டு இருந்தேன்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

டாக்டரம்மா தங்கமணியை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

"யாராவது பின்னால ஓடச் சொன்னாங்களா? கோச் சொன்னாரா?"

"இல்லீங்க."

"கோகிலா?"

"அய்யோ, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "எங்கப்பன்தானுங்க சொல்லுச்சு. பள்ளிக்கூடத்துல மொதத் தடவ ஓடறப்பவே சொல்லுச்சு. பெரிய ஊட்டு அம்மணிகூட ஓடற, பக்கத்துலயே ஓடு கண்ணு, முந்தி மட்டும் போயிராதன்னு. எனக்கு இங்க பீஸ் கட்டறதும் அவிங்கதானுங்க."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "செரி. ஒளிக்கறவ சைக்கிள்ல ஏன் அந்த மிதி மிதிச்சே? அங்கயும் கொறச்சு மிதிச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?"

தங்கமணிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "அதுல முன்னால போறது, பின்னால போறதுன்னு இல்லீங்களே மேடம். நின்ன எடத்துலயேதானுங்களே நிக்குது?" என்றாள்.

வாசலில் சத்தம் கேட்டது. கோகிலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகம் சிவந்திருந்தது. நேராக உள்ளே வந்து தங்கமணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்ப என்ற ஊட்டு அலமாரியில இருக்கற கப்பெல்லாம் நீ போட்ட பிச்சையாடி? ஒரே தட்டுல சோறு திங்கறோம், ஒரு வார்த்த சொல்லலையே நீ?"

"எப்பிடிக் கோகி சொல்றது?"

"வாயாலதான்!"

தங்கமணி அழ ஆரம்பித்தாள். கோகிலாவுக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபத்தை விடவில்லை. டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "நாங்க ரெண்டு பேரும் சேந்து ஓடறோமுங்க. பக்கத்துப் பக்கத்துத் தடத்துல. அப்பறம் யாரு போறதுன்னு நீங்க எழுதிக்குங்க."

டாக்டரம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "இது வரைக்கும் ஒருத்திக்குத்தான் பொய் சொல்லக் காரணம் இருந்துச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் இருக்கு." ஆனாலும் வேறு வழி இல்லை. தனியாக ஓடிய நேரத்தை வைத்துப் பேர் அனுப்பினால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஓடினார்கள். கல்லூரி முழுக்க மைதானத்தில் இருந்தது. நான் கிளம்பும் கோட்டில் நின்றேன். குனிவதற்கு முன் கோகிலா பக்கத்துத் தடத்தைப் பார்க்காமலே சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னிக்கு என்னைத் திரும்பிப் பாத்தே, அப்பறம் என் மூஞ்சியிலயே முழிக்காத."

மாணிக்கம் சார் ஸ்டார்ட்டிங் துப்பாக்கியை வெடித்தார். முதல் சில எட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பாதித் தூரத்தில் தங்கமணியின் முதுகு தனியாகத் தெரிந்தது. பிறகு அந்த இடைவெளி பெருகிக்கொண்டே போனது. அவள் திரும்பவில்லை. கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வளைவு வரைக்கும் ஓடினாள். கோகிலா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிவிட்டு, நடந்தே அவளிடம் போனாள். என்ன பேசினார்களோ தெரியாது. வரும்போது சேர்ந்துதான் வந்தார்கள்.

முகாமுக்குத் தங்கமணியின் பேர் போனது.

அடுத்த வாரம் கோகிலாவின் அப்பா ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, குரலில் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, நாங்க படிக்காதவிங்க. தெரியாமத்தான் கேக்கறேனுங்க. சைக்கிள் மிதிக்கறத வெச்சு ஓட்டத்த முடிவு பண்ணுவீங்களா?"

"இல்லீங்க. சைக்கிள் சந்தேகத்த மட்டுந்தான் குடுத்துச்சு. முடிவு ஓட்டத்துலதான் பண்ணினோம். உங்க பொண்ணு கேட்டு ஓடின ஓட்டமுங்க அது."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "செரிங்க, வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மாதத்துக்குள் தங்கமணியின் அப்பாவுக்குத் தோப்பில் வேலை இல்லை. கோகிலா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள், மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்று கேள்விப்பட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. தங்கமணி குடும்பம் கோயமுத்தூருக்கு வந்து, அப்பா ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தார். பீஸுக்குக் கல்லூரியே ஒரு வழி செய்தது. தங்கமணி சென்னைக்குப் போனாள். பேப்பரில் படம் வரும் அளவுக்குப் பெரிய ஓட்டக்காரியாக ஆகவில்லை. மாநில அளவில் சில பதக்கம், ரயில்வேயில் வேலை, ஈரோட்டில் குவார்ட்டர்ஸ். அப்பாவைக் கூட்டிப் போய்த் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு மட்டும் அந்த விஷயம் முடியவில்லை. கடைசி ஓட்டத்தில் கோகிலாவின் நேரம் அவளுடைய வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். எதிர்க்காற்று என்றார் மாணிக்கம் சார். "காத்தா? என் கைக்குட்டை அசையவே இல்ல" என்றார் டாக்டரம்மா. தங்கமணி செய்ததைத் தோழிக்காகக் கோகிலாவும் ஒரே ஒருநாள் செய்துவிட்டாளோ என்று அவருக்குச் சந்தேகம். ஓய்வு பெற்ற பிறகும், நான் பார்க்கப் போகும்போதெல்லாம், பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கே வந்து நிற்கும். அவர் காலமாகும்வரை அதற்கு விடை கிடைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம், பொள்ளாச்சியில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே உடற்கல்வி ஆசிரியை கோகிலா. தலையில் நரை, கழுத்தில் விசில், வாய் அப்படியே இருந்தது. பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபோது கேட்டுவிட்டேன்.

"கோகிலா, அன்னிக்கு நீ முழுசா ஓடினியா?"

அவள் சிரித்தாள். "நீங்களுமா மேடம்? தங்கமணியும் என்ற கல்யாணத்துக்கு வந்தப்ப இதையேதான் கேட்டா. முழுசாத்தானுங்க ஓடினேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு. அன்னிக்குத்தான் மொதத் தடவயா அவ முதுகப் பாத்தேன். சின்ன வயசுலருந்து கூடவே இருந்தவ, முதுகப் பாத்ததே இல்லீங்க. என்னமா ஓடறான்னு பாத்துட்டே ஓடினேன். அதுல கொஞ்சம் கொறஞ்சிருக்கும். வேணும்னு இல்லீங்க."

மைதானத்தில் அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகள் கோட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் எழுந்து ஓடினாள்.

அவள் பேசும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று டாக்டரம்மா என்னைப் பழக்கியிருந்தார். இருந்தாலும் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.